அறுநூறு பாட்டிலும் ஒரு மூக்கும்

ரூபே, 9 நவம்பர் 1986

அன்புள்ள தம்பி லுசியேனுக்கு,

அக்கா ஓதெத் எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அது மழைக்கு ஒரு நாள் முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. அக்டோபரில் உன்னைப் படுக்கையில் போட்ட காய்ச்சல் முழுதாக விட்டதா? சளி இறங்கியதா? தெற்கத்தி டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் வெயிலில் உட்காரச் சொல்வார்கள், நம்பாதே.

கால்வாய் ஓரம் திறந்த பேரங்காடியில் எட்டு பிராங்குக்கு ஒயின் விற்கிறார்கள். பிளாஸ்டிக் மூடி. எதிர்க்கடை வெர்மேஷ் அதைப் பார்த்துத் தானும் விலையை இறக்கிவிட்டான். நம் வாசலுக்கு இன்னும் ஆட்கள் வருவது நீயும் நானும் இருபது வருடத்துக்கு முன் எழுதிவைத்த பலகைக்காகத்தான்: ‘லுசியேன் மூக்கு தேர்ந்தெடுத்த ஒயின்கள்.’ அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள்.

இப்போது விஷயம். நகரப் பேண்டு வாத்தியக் குழுவுக்கு மே ஒன்றாம் தேதி நூற்றாண்டு விருந்து. அறுநூறு பாட்டில் சிவப்பு ஒயின் வேண்டுமாம். தலைவர் தெல்வால் கடைக்கே வந்தார். “வெர்மேஷும் கேக்குறான் மதாம். ஆனா உங்க தம்பி மூக்கு மேல எனக்கு ஒரு நம்பிக்கை” என்றார். இந்த விருந்து கிடைத்தால் ஊரே நம் ஒயினைக் குடிக்கும். கிடைக்காவிட்டால் கோடைக்கு முன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான், சுற்றி வளைப்பானேன்.

ஆகவே வழக்கம்போல அந்தத் தெற்குக் கிராமங்களில் தேடு. தானே பயிரிட்டு, தானே பிழிந்து, தானே பாட்டிலில் அடைக்கிற சின்னக் குடும்பமாக இருக்கட்டும். பத்து பிராங்கைத் தாண்டக் கூடாது. கழுத்துத் துணியை மறக்காதே.

உன் அக்கா,
ஓதெத்


புய்கரில், 24 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் வணக்கம். காய்ச்சல் போய்விட்டது. நன்றாகத் தூங்குகிறேன். ரொட்டிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்திருக்கிறேன். காலையில் அடுப்புக் கதவின் சத்தம்தான் என்னை எழுப்புகிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஊருக்கு மேலே, மலைச்சரிவில், பூஜோல் குடும்பம். அஷீல், மர்த் என்று கணவன் மனைவி இருவர் மட்டும். ஆறு ஹெக்டேர் திராட்சை. மூன்று வருடத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தை விட்டு விலகி வந்தவர்கள், அதனால் ஊரில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதினான்கு பீப்பாய் 1985 சிவப்பு இருக்கிறது. பாட்டில் ஒன்பது பிராங்க்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். முயல் கறி, கசப்புக் கீரை சாலட், மேசையில் ஒரே மாதிரி இரண்டு மண் கூஜாக்கள். நான் கவனித்தது ஒன்று: விற்கிற பீப்பாயிலிருந்தேதான் தங்கள் மேசைக்கும் பிடித்து வருகிறார்கள். தனக்கு ஒன்று, வாங்குகிறவனுக்கு ஒன்று என்று அங்கே இல்லை. அஷீலின் நகக்கண்ணில் மண் இருக்கிறது, பீப்பாய்க் கிடங்கில் மண்ணே இல்லை. கோழிகள் பதினேழு. கிளாஸைச் சுழற்றினால் நிறம் ஓரத்தில் ஊதாவாக நின்று மெதுவாக இறங்குகிறது.

மாதிரிக்கு இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன், கவலைப்படாதே.

தம்பி,
லுசியேன்


ரூபே, 3 டிசம்பர் 1986

அன்புள்ள லுசியேனுக்கு,

நலம்தானே? தூக்கத்தைப் பற்றி எழுதினாய், சளியைப் பற்றி எழுதவில்லை. போகட்டும்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கோழி எத்தனை என்றுகூட இருக்கிறது. கிளாஸில் மூக்கை வைத்தபோது என்ன இருந்தது என்று ஒரு வரி இல்லை. விலை அட்டையில் நான் என்ன எழுத? ‘பதினேழு கோழிகள்’ என்றா?

இன்னொன்று. ருசி பார்ப்பதற்கு முன் உனக்கு என்ன தின்னக் கொடுத்தார்கள்? வாதுமைக் கொட்டையா, ஆட்டுப்பால் சீஸா? அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் சாக்கடைத் தண்ணீரும் இனிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

மாதிரி வந்து சேர்ந்தது. ஒரு புளிப்பு ஆப்பிளைக் கடித்துவிட்டுக் குடித்தேன். நன்றாக இருக்கிறது, லுசியேன். ஒன்பது பிராங்குக்கு இவ்வளவு நன்றாக இருக்கக் கூடாது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பதினான்கு பீப்பாயில் ஒன்றை மட்டும் சீராட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்தே எல்லாருக்கும் மாதிரி ஊற்றுகிற மகராசர்களை நாம் பார்த்ததில்லையா? ஒவ்வொரு பீப்பாயையும் பார். பார்த்ததில் உன் கையெழுத்தைப் போடு.

கிறிஸ்துமஸுக்கு ஒரு முழு மரோல் சீஸ் அனுப்புகிறேன். நன்றாகப் பழுத்தது. தபால்காரர் அதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனார்.

ஓதெத்


புய்கரில், 20 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உனக்கும் முழங்காலுக்கும் சேர்த்து.

வாதுமைக் கொட்டை கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வெறும் வயிற்றோடும் எல்லாப் பீப்பாயும் பார்த்தாகிவிட்டது. மூன்று பீப்பாய் வேண்டாமென்று விலக்கிவிட்டேன். மீதிப் பதினொன்றிலும் சாக்பீஸால் என் கையெழுத்து இருக்கிறது. அட்டைக்கு இதை எழுது: ‘காட்டுத் தைம் தழை, பழுத்த அத்தி, முடிவில் மிளகு.’

அடுத்த தோட்டம் கபானெல் என்பவருடையது. அங்கும் வாரத்துக்கு இருமுறை போகிறேன். கபானெலுக்கும் பூஜோல்களுக்கும் பதினேழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கபானெல் மகள் கல்யாணத்தில் அஷீல் பூஜோல் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸில் மீதியிருந்த ஒயினை எல்லாரும் பார்க்க ஜெரேனியச் செடித் தொட்டியில் ஊற்றினாராம். செடி அந்த வாரமே செத்தது என்கிறார் அஷீல். அது ஏற்கெனவே செத்த செடி என்கிறார் கபானெல்.

சீஸ் வந்தது, நன்றி. படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் சாப்பிடுகிறேன். ரொட்டிக் கடை மதாம் மட்டும் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வாடகையை ஏற்றப் போகிறாளோ என்னவோ.

புது வருடத்தில் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

லுசியேன்


ரூபே, 14 ஜனவரி 1987

அன்புள்ள லுசியேனுக்கு,

புது வருட வாழ்த்து. உடம்பு எப்படி? மூக்கடைப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இது நான் மூன்றாவது தடவை கேட்பது.

முதல் அறுபது பாட்டில் வந்தது, பத்து நாளில் தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான், ஆனால் முடியவில்லை.

‘காட்டுத் தைம் தழை, பழுத்த அத்தி, முடிவில் மிளகு.’ இதை யார் எழுதியது? நீ இல்லை. இருபது வருடமாக உன் அட்டைகளை என் கையால் எழுதுகிறேன். நீ தைம் என்று எழுத மாட்டாய், ‘ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை’ என்று எழுதுவாய். கார்க் கெட்டுப்போன ஒயினை ‘ஃபெர்னான் மாமாவின் மழைக்கோட்டு’ என்பாய். சனங்கள் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு வாங்குவார்கள். இது மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. நம் பழைய வாடிக்கை கார்லியே அம்மாள் அட்டையைப் படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? “உங்க தம்பிக்கு அங்க யாரோ கெடச்சிருக்காங்க, மதாம். ஆம்பளைங்க திடீர்னு அழகா எழுத ஆரம்பிச்சா அதான் அர்த்தம்.”

மர்த் பூஜோலுக்கு என்ன வயது?

கபானெல் வீட்டில் உனக்கு என்ன வேலை? அவரிடமிருந்து ஒரு பாட்டில்கூட இங்கே வரவில்லையே. ஒருவரையொருவர் கண்டால் ஆகாத இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிடுகிறவனை நம் ஊரில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வெர்மேஷ் பேண்டுத் தலைவரிடம், “அந்த மூக்குக்கும் அம்பத்தஞ்சு வயசாச்சு, முசியே. எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்ல?” என்றானாம். பதினோரு வருடமாக அவனோடு நான் பேசுவதில்லை. இந்த முறை பேசிவிடலாமா என்றிருந்தது.

உடனே பதில் போடு.

ஓதெத்


புய்கரில், 15 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வண்டி படுத்துக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

மர்த்துக்கு அறுபத்தொரு வயது. என்னைவிட அகலமான தோள். உன் சந்தேகத்தை அவளிடம் சொன்னேன். “இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரா! உங்க அக்காவுக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு எழுதுங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஷீல்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விருந்துக்கான அறுநூறும் மூன்றாவது, ஒன்பதாவது பீப்பாயிலிருந்து வரும். அட்டையில் உனக்குப் பிடித்ததை எழுதிக்கொள். இந்த ஒரு தடவை என்னை நம்பு, அக்கா.

லுசியேன்


ரூபே, 22 பிப்ரவரி 1987

அன்புள்ள லுசியேனுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

சீட்டு ஒட்டாத ஒரு பாட்டில் தனியாக வருகிறது. பெசியே பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் ஏழு பிராங்குக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? உன் மூக்கு என்ன சொல்கிறதென்று எழுது. உன் மூக்கு சொல்வதை மட்டும் எழுது.

ஓதெத்


புய்கரில், 10 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே பாதாம் மரங்கள் பூத்துவிட்டன.

அந்தப் பாட்டிலைத் தொடாதே. கார்க் கெட்டது. பூஞ்சை பிடித்த சாக்கு. ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடு.

முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய்த்துப் பார்த்தாயா?

லுசியேன்


ரூபே, 16 மார்ச் 1987

லுசியேனுக்கு,

முழங்காலை விடு.

ஏஜெண்ட் என்று யாரும் இல்லை. அது கார்லியே அம்மாள் திருப்பிக் கொண்டுவந்த பாட்டில். கார்க் கெட்டது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் திரும்ப அடைத்து அனுப்பினேன். நீ சரியாகச் சொன்னாய். ஆனால் சொன்ன சொல்லில்தான் மாட்டிக்கொண்டாய். உனக்குப் பத்து வயதில் ஃபெர்னான் மாமா மழையில் நனைந்து வந்து நம் சமையலறையில் கோட்டைக் காயப் போட்டாரே, அன்று முதல் கெட்ட கார்க் என்றால் உனக்கு அந்த மழைக்கோட்டுதான். அப்பா சாகக் கிடந்தபோது யாரோ கொண்டுவந்த பாட்டிலைத் திறந்துகூட அதைத்தான் சொன்னாய், அப்பாவும் சிரித்தார். பூஞ்சை பிடித்த சாக்கு வேறு யாருடைய வாய்ச் சொல்லோ.

நான் முட்டாள் இல்லை, தம்பி. அந்த வீட்டுக்காரி சொல்கிறாள், நீ எழுதுகிறாய். அவள் ஒயினுக்கு அவளே சாட்சி, நீ கையெழுத்துப் போடுகிறாய். மூன்று பீப்பாயை விலக்கியதும் எனக்குக் காட்டிய நாடகம்தான். இதற்கு உனக்கு என்ன தருகிறார்கள்? அங்கேயே ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடுமா? உனக்கு அது போதும் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. கூடப் பிறந்தவளிடம் சொல்வதற்கு என்ன?

அந்த ஒயின் நன்றாக இருக்கிறது என்பது எனக்குப் பெரிதில்லை. அந்தப் பலகையைத் தினமும் காலையில் துடைப்பவள் நான். அதில் எழுதியிருப்பது பொய்யென்றால் எனக்குத் தெரிய வேண்டும். தெல்வாலிடம் ஏப்ரல் இருபத்தைந்து வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் உண்மை வராவிட்டால் அறுநூறு பாட்டிலையும் வெர்மேஷே விற்றுக்கொள்ளட்டும்.

ஓதெத்


புய்கரில், 12 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு முதலில் பதில்: சளி இறங்கிவிட்டது. இறங்கும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.

அக்டோபரிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. காபி எனக்குக் கசப்பான வெந்நீர். நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது, அவ்வளவுதான். ரொட்டிக் கடைக்கு மேலே விடியலில் கண் விழித்து, மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது. நகரத்து டாக்டர், “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார். அதற்கு அவர் எதற்கு? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. ஆறு மாதமாகப் பயமாகத்தான் இருக்கிறது.

பூஜோல் வீட்டு முதல் சாப்பாட்டைப் பற்றி எழுதினேனே, அதில் பாதியை விட்டுவிட்டேன். மேசையில் இரண்டு கூஜாக்கள் இருந்தன. நானே ஒன்றை எடுத்துக் கிளாஸில் ஊற்றினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடி, வழக்கமாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேனோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, “அருமை. கொஞ்சம் இளசு, அவ்வளவுதான்” என்றேன். மர்த் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“முசியே, அது வினிகருங்க. சாலட்டுக்கு வெச்சது” என்றாள் மர்த்.

கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அவள் புருஷனைக் கோழிக்குத் தீனி போடப் போகச் சொன்னாள். “இப்பத்தானே போட்டேன்” என்றார் அவர். “மறுபடி போடுங்க” என்றாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எத்தன நாளா?”

“அஞ்சு வாரம்.”

“வீட்டுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அக்கா மட்டும்தான் இருக்கா. கடை வாசல் பலகையில என் மூக்கத்தான் எழுதி வெச்சிருக்கோம்.”

“அப்ப நீங்களே உங்க ஒயினப் பார்த்துச் சொல்லுங்க, நான் அப்படியே எழுதிக்கிறேன்” என்று கெஞ்சினேன். நீ சந்தேகப்பட்டாயே, அதேதான். அந்தத் தவறைச் செய்ய நான் தயாராகத்தான் இருந்தேன். அவள்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

“நல்ல கதையா இருக்கே! என் சரக்குக்கு நானே சாட்சி சொன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன். அந்தப் பக்கம் கபானெல்கிட்ட கொண்டு போங்க. எங்களப் பத்தி நல்லதா ஒரு வார்த்த அவன் வாயில வராது. அவனால கொற சொல்ல முடியாதது எதுவோ, அத வாங்கிக்குங்க.”

அப்படித்தான் போனேன். பதினான்கு பீப்பாயிலிருந்தும் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்து, எண் மட்டும் எழுதி எடுத்துப் போனேன். கபானெல் முதல் கிளாஸிலேயே கண்டுபிடித்துவிட்டார். “இது அந்தப் பூஜோல் பய சரக்குதானே?” என்றவருக்கு வந்த உற்சாகத்தை நீ பார்க்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவியையும் கூப்பிட்டார். மூன்று பீப்பாயை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்: ஒன்று புளித்துப்போகும், ஒன்றில் பீப்பாய்க் கட்டை மட்டும்தான் இருக்கிறது, ஒன்று செத்தது. அந்த மூன்றைத்தான் விலக்கினேன். மர்த்திடம் சொன்னபோது, “சரியாத்தான் சொல்லியிருக்கான், பாவி” என்றாள்.

ஒன்பதாவது பீப்பாயில்தான் அவர் பேச்சு நின்றது. மோந்தார், குடித்தார், மறுபடி மோந்தார். மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில், செத்த வீட்டில் பேசுகிறவர் மாதிரி, “தைம் தழ. பழுத்த அத்தி. முடிவுல மொளகு. போதுமா? எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். அட்டைக்கு நான் அனுப்பியது அதுதான். உன் அட்டையில் இருப்பது பூஜோலின் எதிரி வாயிலிருந்து வந்த சொல்.

கபானெலின் ஒயினை மர்த்திடம் கொண்டுபோனேன். அவளும் அஷீலும் ஒன்றுவிடாமல் குறை சொன்னார்கள், அதனால்தான் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. நீ அனுப்பிய பாட்டிலை இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோனேன். இரண்டு பேரும் பூஞ்சை பிடித்த சாக்கு என்றார்கள். பதினேழு வருடத்தில் இரண்டு வீடும் ஒரே சொல்லைச் சொன்னது அன்றுதான். மழைக்கோட்டு எனக்கு ஞாபகம் வரவே இல்லை, அக்கா. வாசனை வந்தால்தானே அது ஞாபகத்துக்கு வரும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தப் பலகையில் என் பெயரைவிட மூக்கு என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அது போன பிறகு நான் உனக்கு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. நீ அப்படிக் கேட்டது வலித்தது, ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

ஒயின் லாரியில் ஏறத் தயாராக இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

தம்பி,
லுசியேன்


ரூபே, 18 ஏப்ரல் 1987

என் அன்புத் தம்பி லுசியேனுக்கு,

லாரியை அனுப்பு.

உன் கடிதத்தைக் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். சாமி சத்தியமாக அழுதேன். முதலில் என் மீது கோபம் வந்து அழுதேன், பிறகு அந்த மரோலை நினைத்து அழுதேன். தெருவையே நாறடிக்கும் பழுத்த மரோலைப் படுக்கை அலமாரியில் வைத்துக்கொண்டு ஒருவன் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எழுதுகிறான், இந்த ஊரில் பிறந்த நான் அதைப் படித்துவிட்டு அவனுக்குக் காதலி இருக்கிறாளா என்று தேடுகிறேன்! சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். ரொட்டிக் கடை மதாமிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

பணம் வாங்கினாயா என்று கேட்டேனே, அதை மறந்துவிடு. மறக்க முடியாவிட்டால் நேரில் வந்து திட்டு.

ஆனாலும் நான் நான்தான். கபானெல் சொன்னார், மர்த் சொன்னாள் என்பதெல்லாம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். எனவே நேற்றுக் காலை, முதல் அறுபதில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்பதாவது பீப்பாய்ப் பாட்டில் ஒன்றின் சீட்டைக் கிழித்துவிட்டு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு வெர்மேஷின் கடை மணி என் கையால் அடித்தது. அவன் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

“என்ன மதாம், வழி தவறி வந்துட்டீங்களா?”

“இதுல என்ன கொறன்னு சொல்லுங்க.”

“கொறையா?” அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அதுக்காகவா என்னத் தேடி வந்தீங்க?”

“உங்களவிட ஆசையாச் சொல்றவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா?”

இரண்டு கிளாஸ் எடுத்தான். மோந்தான். சரி, ஆரம்பிக்கப் போகிறான் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குடித்தான். மறுபடி மோந்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தான். தெருவில் இரண்டு பேருந்து போய்விட்டன.

“சீட்டு அசிங்கமா இருக்கும்னு நெனைக்கிறேன்” என்றான் கடைசியில்.

“சீட்டே இல்லையே.”

“அதத்தான் சொல்றேன்.” இன்னொரு வாய் குடித்தான். “லுசியேன் எடுத்ததா?”

“ஆமா.”

“அப்ப அந்த மூக்கு இன்னும் இருக்கு.” அவன் குரலில் தோல்வி இருந்தது. அதைக் கேட்க எவ்வளவோ வருடம் காத்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

“இல்ல முசியே. மூக்கு அக்டோபர்லயே போச்சு. இது லுசியேன் எடுத்தது” என்றேன். அந்த வினிகர், கபானெல், ஜெரேனியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிளாஸில் மீதியிருந்ததையும் குடித்து முடித்தான். நான் கதவருகே வந்தபோது பின்னாலிருந்து, “மதாம், என்கிட்ட ஒரு வெள்ள ஒயின் இருக்கு. வாங்கலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா முழிக்கிறேன். நாளைக்குக் கொண்டு வரட்டா?” என்று கேட்டான். கொண்டு வந்தான். கந்தகம் அதிகம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

தெல்வாலிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேண்டில் ட்ரோம்போன் ஊதுகிறவருக்கு ஒரு காது கேட்காதாம், முப்பது வருடமாக ஊதுகிறாராம். “அறுநூறு போதாது மதாம், எழுநூறா அனுப்ப முடியுமான்னு உங்க தம்பியக் கேளுங்க” என்றார்.

பலகை எழுதுகிறவர் இன்று மதியம் வந்தார். ஒரே ஒரு சொல்லை மட்டும் அழிக்கச் சொன்னேன். ஏணியில் நின்றபடியே, “நடுவுல இவ்வளவு பெரிய எடம் காலியா இருக்குமே மதாம், வேற என்ன எழுத?” என்று கேட்டார். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். இப்போது ‘லுசியேன் தேர்ந்தெடுத்த ஒயின்கள்’ என்று இருக்கிறது. உன் பெயரையும் பெரிய எழுத்தாக மாற்றச் சொல்லியிருக்கிறேன், பெயிண்ட் காய்ந்ததும் வருவார்.

விருந்துக்கு நீ இங்கே இருக்க வேண்டும். மர்த்தையும் அஷீலையும் கூட்டி வா. கபானெலையும் கூப்பிடு, ஆனால் வேறு ரயிலில்.

முழங்கால் வலிக்கிறது. உன்னை நினைத்தாலும் வலிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மூக்கு ஏதாவது திரும்பியதா? இனி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். நீ இல்லை என்று எழுதினாலும் பரவாயில்லை, பதில் மட்டும் எழுது.

உன் அக்கா,
ஓதெத்